கல்லும் இங்கே, மரமும் இங்கே

சாமராஜநகரின் காட்டிலும் குவாரியிலும் விளைவதெல்லாம் ஊரைத் தாண்டிய பிறகே விலை பெறுகிறது

பண்ணாரி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் காற்று மாறுகிறது. ஆசனூரைத் தாண்டி, மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் மொழியும் மாறுகிறது. காடு விலகி வாழையும் மஞ்சளும் தலைகாட்டும் இடத்தில் சாமராஜநகர் தொடங்குகிறது. வெளியூர்க்காரரின் கண்ணில் முதலில் படுவது ஊர் அல்ல, ஒரு லாரி. அதன் முதுகில் சரக்கென்று ஒரே ஒரு கல். மிஞ்சிப் போனால் இரண்டு. பக்கவாட்டில் சாயத்தில் எழுதிய எண்கள். யானையை ஏற்றிக்கொண்டு போவதுபோல அத்தனை நிதானமாக நகர்கிறது வண்டி.

உலகக் கல் சந்தையில் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தக் கறுப்புக் கல்தான். மெருகு போட்டால் முகம் பார்க்கலாம். வியாபாரிகள் கிரானைட் என்கிறார்கள். நிலவியல் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழம்பாறையின் பிளவுகளில் கீழிருந்து ஏறிய குழம்பு உறைந்து உண்டான டோலரைட் இது. பெயர் எதுவானால் என்ன, சமையலறை மேடைக்கும், கல்லறைப் பலகைக்கும், நினைவுச் சின்னத்துக்கும் இதைவிடக் கறுப்பான கல்லைத் தேடுவது கஷ்டம். வெட்டியெடுக்க, வைரத் துகள் பதித்த மணிகளைக் கம்பியில் கோத்து வாளாக ஓட்டுகிறார்கள். அத்தனை கடினம்.

கல் ஒரு பக்கம் இருக்கட்டும். மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதி நிலம் காடு. பந்திப்பூர், பிளிகிரி ரங்கன் மலை என்று ஒரே மாவட்டத்தில் இரண்டு புலிகள் காப்பகங்கள். இந்தக் காடுகளில் தேக்கு உண்டு, சந்தனம் உண்டு, கன்னடத்தில் 'பீட்டே' என்றும் தமிழில் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்லப்படும் ரோஸ்வுட் உண்டு.

ஈட்டி மரத்தைக் கடைந்து ஒரு கிண்ணம். அதன் விளிம்பில் ஒரு காடி. காடிக்குள் பதித்த கல் வளையம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கடைசல்காரர்கள் பலர் இப்படிக் கிண்ணம் செய்கிறார்கள். நீலப் பச்சை ரத்தினக் கல்லைப் பொடித்துப் பதிக்கிறார்கள். வரவேற்பறை மேசைக்குப் போகும் சாமான் அது. யாரும் அதில் ரசம் ஊற்றிச் சாப்பிடுவதில்லை. அதற்கு வேண்டிய கல், மரம் இரண்டையும் ஒரே மாவட்டத்தில் வைத்திருக்கும் சாமராஜநகர், கர்நாடகத்தின் மர வேலைப் பட்டியலில் பெயர் வாங்கவில்லை. பெயர் வாங்கியவை மைசூரும் சன்னபட்டணமும். மரத்தில் மரம் பதிப்பதற்கு மைசூர். மரம் கடைவதற்கு சன்னபட்டணம். இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. மூலப்பொருள் கிடைக்கும் ஊருக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை? பதில் ஊருக்குள் கொஞ்சம் இருக்கிறது, காட்டுக்குள் நிறைய இருக்கிறது.

ஊரின் பழைய பெயர் அரிகொட்டாரா. மைசூர் மன்னர் ஒன்பதாம் சாமராஜ உடையார் பிறந்த இடம். அவர் மகன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அப்பாவின் நினைவாகப் பெயரை மாற்றி, 1826இல் சாமராஜேஸ்வரர் கோயிலையும் கட்டினார். ஆடி மாதத்தில் புது மணத் தம்பதிகளைப் பிரித்து வைப்பது நம்மூர் வழக்கம். இங்கே ஆஷாட மாதத் தேரோட்டத்துக்குப் புதுத் தம்பதிகள் ஜோடியாகத் திரண்டு வருகிறார்கள். 2017இல் தேருக்கு யாரோ தீ வைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் தேரோட்டம் இல்லை. 2022இல்தான் புதுத் தேர் ஓடியது.

இந்த ஊரைப் பற்றி வெளியே அதிகம் பேசப்பட்டது கல்லும் இல்லை, கோயிலும் இல்லை. ஒரு சாபம். சாமராஜநகருக்கு வரும் முதலமைச்சர் பதவி இழப்பார் என்பது கர்நாடக அரசியல்வாதிகளின் அசைக்க முடியாத நம்பிக்கையாக இருந்தது. 1997இல் மைசூரிலிருந்து பிரித்து இதைத் தனி மாவட்டமாக்கிய ஜே.எச். பட்டேல்கூட ஊருக்குள் கால் வைக்காமல் மாதேஸ்வரன் மலையிலிருந்து தொடங்கி வைத்தார். 2007இல் துணிந்து வந்த குமாரசாமி அதே ஆண்டு பதவி இழந்தார். நம்பிக்கைக்கு உரம் போட்ட மாதிரி ஆயிற்று. 2013இல் முதல்வரான சித்தராமையா பல முறை வந்து போய், ஐந்து ஆண்டுகளையும் முடித்த பிறகுதான் பேச்சு அடங்கியது. முதலமைச்சர்கள் எட்டிப் பார்க்கத் தயங்கிய ஊருக்குக் கைத்தொழில் பயிற்சிக் கூடத்தை யார் கொண்டு வந்திருப்பார்கள் என்று கேட்டால் அதில் பாதி வேடிக்கை, பாதி நியாயம்.

மீதிப் பதில் காட்டில். இங்குள்ள விலை மதிப்புள்ள மரங்கள் என்றைக்கும் இங்குள்ளவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ மரமாக அறிவித்தார். அவர் போனார், உடையார்கள் வந்தார்கள், பிறகு குடியரசு வந்தது. சந்தனம் மட்டும் அரசு மரமாகவே நின்றது. சொந்தத் தோட்டத்தில் முளைத்தாலும் அரசுக்குத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காவல் காப்பதுபோல, தன் நிலத்தில் நின்ற சந்தனத்தை விவசாயி காவல் காத்தார். பலர் செடியிலேயே பிடுங்கிப் போட்டார்கள். வளர்த்தவருக்கே மரம் சொந்தம் என்று கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது 2001இல்.

இடைப்பட்ட காலத்தில் மரத்தின் விலை தெரிந்த ஒருவர் இந்தக் காட்டில் இருந்தார். இன்றைய சாமராஜநகர் மாவட்டத்தின் கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பன். சந்தனமும் தந்தமும் கடத்தி, இரண்டு மாநிலப் போலீசையும் அலைக்கழித்தார். 2000 ஜூலை 30 இரவு, எல்லைக்கு இந்தப் பக்கம் தாளவாடியை அடுத்த காஜனூரில் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திப் போய் 108 நாள் வைத்திருந்தார். 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்படும்வரை காட்டோரக் கிராமத்துக்காரர் ஒருவர் கையில் மரத்துண்டு இருந்தால், அது விறகுதான் என்று போலீசை நம்ப வைப்பதே பெரும்பாடு. அதில் கடைசல் பட்டறை போடுவது எங்கே?

பட்டறைகள் 60 கிலோமீட்டர் தள்ளி மைசூரில் இருக்கின்றன. அரண்மனைக்கு வரும் கூட்டம் அம்பாவிலாச மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அங்கேயே விநாயகர் சன்னதிக்குத் திறக்கும் ஈட்டிக் கதவில் தந்தம் பதித்த வேலையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. 1897 தீ விபத்துக்குப் பிறகு ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் முடிந்த அரண்மனை இது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் சமாதிக்கும் தந்தம் பதித்த கதவுகள் உண்டு. கொடுத்தவர் டல்ஹௌசி பிரபு. வென்றவன் தோற்றவனின் கல்லறைக்குக் கதவு போட்டுக் கொடுத்த விசித்திரம்.

அந்தத் தந்தம் இன்று கிடையாது. இந்திய யானைத் தந்த வியாபாரத்தை 1986இலும், ஆப்பிரிக்கத் தந்தத்தை 1991இலும் சட்டம் நிறுத்தியது. நிறுத்தியதில் தவறு சொல்ல முடியாது; கோபிநத்தத்துக்காரர் சுட்ட யானைகளே சாட்சி. ஆனால் தந்தம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது வெள்ளைப் பிளாஸ்டிக். தசரா ஊர்வலப் படத்தில் ஈட்டிப் பலகை அசல், பலா மரத்தின் மஞ்சள் அசல், கருங்காலியின் கறுப்பு அசல். யானையின் கொம்பு மட்டும் பிளாஸ்டிக்.

மண்டி மொகல்லா பக்கத்துச் சந்துகளில் இந்த வேலை இன்னமும் வீட்டுத் திண்ணை வேலைதான். படத்தை மெல்லிய தாளில் வரைந்து, ஒவ்வொரு உறுப்பையும் அதற்குப் பொருந்தும் நிற மரத்தில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெல்லிய ரம்பத்தால் அறுக்கிறார்கள். பசுவின் காது ஒரு துண்டு, கொம்பு ஒரு துண்டு, கழுத்துமணி இன்னொரு துண்டு. ஈட்டிப் பலகையில் அதே வடிவத்துக்குப் பள்ளம் வெட்டிப் பசை போட்டு அமுக்குகிறார்கள். இடைவெளிகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கண்ணுக்கும் மூக்குக்கும் ஊசி உளியால் கோடு இழுத்து, மெருகு ஏற்றுகிறார்கள். வர்ணம் பூசக் கூடாது என்பது பழைய ஒழுக்கம். மரத்தின் இயற்கை நிறமே நிறம். இதில் ஒரு சங்கடம்: எந்த மரத்திலும் வானத்தின் நீலம் கிடையாது. அந்தி வானம் வரைவது சுலபம். நண்பகல் வானம் வரைய முடியாது. மைசூர்ப் படங்களில் எப்போதும் பொழுது சாய்ந்துகொண்டே இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கல் பதிப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆக்ராவில் வெள்ளைச் சலவைக்கல்லில் நீலக் கல்லும் பச்சைக் கல்லும் பதிக்கிறார்கள். அப்படியானால் மைசூர்ப் பலகையில் ஏன் கல் ஏறவில்லை? கல்லோடு மரத்துக்குச் சம்பந்தம் பேசுவது அத்தனை எளிதில்லை. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துக் கொஞ்சம் விரியும், கோடையில் சுருங்கும். கல் அசையாது. முழு வளையமாகக் கல்லை வெட்டிக் கிண்ணத்தின் விளிம்பில் இறுக்கினால், அடுத்த சித்திரையில் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கிண்ணம் பிளக்கும். அதனால்தான் வெளிநாட்டுக் கடைசல்காரர்கள் கல்லைப் பொடிக்கிறார்கள்.

பச்சை மரத்தை முதலில் தடிமனாகக் கடைந்து மாதக்கணக்கில் காய விடுகிறார்கள். காய்ந்து கோணிய கிண்ணத்தை மறுபடி இயந்திரத்தில் மாட்டி வட்டமாக்குகிறார்கள். விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குக் காடி எடுக்கிறார்கள். முதலில் பெரிய கல் சில்லுகள், அவற்றின் இடுக்கில் சின்னவை, அதற்கும் இடுக்கில் மாவு. மேலே தண்ணீர்போல ஓடும் உடனடிப் பசையைச் சொட்டுச் சொட்டாக ஊற விடுகிறார்கள். இறுகிய பிறகு மறுபடி கடைகிறார்கள். இங்கேதான் கல்லின் குணம் தெரியும். மென்மையான கல் என்றால் உளி வழுக்கிக்கொண்டு போகும். சாமராஜநகர்க் கறுப்புக் கல்லோ உளியின் முனையைத் தின்றுவிடும். சீவ முடியாது, அரைத்துத்தான் தேய்க்க வேண்டும். கல்லோடு தேயும் அதே நேரத்தில் பக்கத்து மரம் இரண்டு பங்கு தேய்ந்துவிடும். பொடித்தால் நிறம் வேறு போய்விடுகிறது. கறுப்புக் கல்லின் மாவு சாம்பல் நிறம். பசை ஊறிய பிறகே பழைய கறுப்பு திரும்பும். அப்படித் திரும்பினாலும் கருஞ்சிவப்பு ஈட்டியில் கறுப்பு வளையம் யார் கண்ணுக்குத் தெரியும்?

ஆக, ஊரின் இரண்டு பெருமைகளும் ஒன்றுக்கொன்று ஜாதகம் பொருந்தவில்லை. ஆனால் இந்தப் பகுதியில் வேறொரு கல் உண்டு. நம்மூர்க் கல்சட்டியாகும் மாக்கல்லின் இனம்: மென்மையானது, கடைசலுக்கு அடங்குவது. மைசூருக்கும் கொள்ளேகாலுக்கும் இடையிலே ஒதுங்கி நிற்கும் சோமநாதபுரம் கேசவர் கோயிலுக்குப் போனால், ஹொய்சளச் சிற்பிகள் 1258 வாக்கிலேயே அதைக் கடைந்த அழகைப் பார்க்கலாம். தூண்களில் மணி மணியாக வளையங்கள். மரத்தூணைக் கடைந்ததுபோலக் கல்தூணைச் சுழல விட்டுக் கடைந்திருக்கிறார்கள். 2023இல் பேலூர், ஹளேபீடு ஆகியவற்றோடு இதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2024 ஜனவரியில் அயோத்தியில் வைத்த குழந்தை ராமர் சிலையும் மைசூர்ப் பக்கத்துக் கறுங்கல்லில், மைசூர்ச் சிற்பி அருண் யோகிராஜ் செதுக்கியதே. கல்லில் கை இங்கே இன்னும் செத்துப் போகவில்லை.

மரம் கடையும் கைக்குச் சன்னபட்டணம் போக வேண்டும். அங்கே மரம் 'ஆலே', தமிழில் வெட்பாலை. கிட்டத்தட்ட தந்த வெள்ளை. சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி நிறம் ஏறுகிறது. தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு. வெள்ளை மரத்தில் கறுப்புக் கல் வளையம் என்றால் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெட்பாலை அத்தனை பருத்து வளரும் மரமில்லை. கிலுகிலுப்பைக்கும் பொம்மைக்கும் போதும். அகலமான கிண்ணத்துக்குப் போதாது. அந்த ஊருக்குப் புதுக் கவலை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்த பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. வண்டியை நிறுத்திப் பிள்ளைக்குப் பொம்மை வாங்கிய கூட்டத்தை நம்பிச் சாலையோரம் கடை வைத்தவர்கள், பழைய சாலையில் ஈயோட்டுகிறார்கள்.

மைசூர்க்காரர்களின் கவலை மரத்தில். ஈட்டி மரம் அருகி வருகிறது. விலை ஏறிக்கொண்டே போகிறது. 2017 ஜனவரி முதல் ஈட்டி இனம் முழுவதும் அழியும் உயிரினங்கள் குறித்த சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சீனாவின் மரச்சாமான் மோகம்தான் பெரிய காரணம். ஆனால் தண்டனை திண்ணைக்கும் சேர்த்தே வந்தது. சாமான் பத்துக் கிலோவைத் தாண்டினால் ஏற்றுமதிக்குக் கூடுதல் காகிதம் வேண்டும்.

இந்தக் கணக்கில் எங்குமே வராதவர்கள் சோலிகர்கள். பிளிகிரி ரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் தலைமுறைகளாக இருப்பவர்கள். காட்டில் ஆறு நூற்றாண்டு கண்டதாகச் சொல்லப்படும் பெரிய செண்பக மரம், தொட்ட சம்பிகே, அவர்களுக்குச் சாமி. 1974இல் ரங்கன் மலை சரணாலயம் ஆனதும் காட்டெரிப்பு விவசாயம் நின்றது. தேன், நெல்லிக்காய், கல்பாசி எடுத்துப் பிழைத்தார்கள். 2000களின் நடுவில் அதற்கும் தடை வந்தது. 2006 வன உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி, 2011இல் சமூக வன உரிமைப் பட்டயம் வாங்கினார்கள். புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் பழங்குடியினர் அப்படி வாங்கியது நாட்டிலேயே முதல் முறை. அந்த உரிமையிலும் தேன் உண்டு, நெல்லி உண்டு. ஈட்டி இல்லை, தேக்கு இல்லை.

ஆனால் காட்டில் அவர்களை யாரும் தடுக்காத செடி ஒன்று இருக்கிறது. உண்ணிச்செடி. இரு நூற்றாண்டுகளுக்கு முன் அழகுக்காக வெள்ளைக்காரர் கொண்டு வந்த லண்டானா, இன்று புல்லையும் இளமரத்தையும் அமுக்கிக்கொண்டு புதராக மண்டிக் கிடக்கிறது. கோடையின் தொடக்கத்தில் தாங்கள் சருகுக்கு வைத்த சின்னத் தீயை வனத்துறை நிறுத்தியதால்தான் இது பரவியது என்பது சோலிகர்களின் கட்சி. அசோகா அறக்கட்டளை என்ற பெங்களூர் ஆய்வு நிறுவனம் 2004 வாக்கில் மாதேஸ்வரன் மலையில் ஒரு காரியம் செய்தது. மூங்கில் கிடைக்காமல் கூடை முடைவதை விட்டவர்களுக்கும் சோலிகர்களுக்கும் உண்ணிச்செடியில் நாற்காலி செய்யக் கற்றுத் தந்தது. தண்டை வெட்டிப் பீப்பாயில் கொதிக்க வைத்தால் பட்டை கழன்று வரும். சூடு ஆறுவதற்குள் வளைத்தால் பிரம்புபோல வளையும். கறையான் எளிதில் அண்டாது. பிரம்பைவிட மலிவு. அதே செடியில் நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் கட்டிய ஆளுயர யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் அமெரிக்காவையும் சுற்றின.

உண்ணித் தண்டு கட்டை விரல் பருமன். கடைசலில் ஏற்றி அதில் கிண்ணம் எடுக்க முடியாது. ஆனால் வெட்டுவதற்கு டிப்போவில் ஏலம் கேட்க வேண்டியதில்லை. வெட்டினால் காட்டுக்கும் நல்லது. செய்தவர் கையில் கூலி அன்றே தங்குகிறது. விற்கும் கடைதான் தூரத்தில், பெங்களூரில். ஆர்டர் வந்தால் வேலை, வராவிட்டால் காப்பித் தோட்டக் கூலி.

திரும்பும் பயணிக்கு நேரம் முக்கியம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடை அமலுக்கு வந்தது. கனரக வாகனங்களுக்கு மாலை ஆறு மணியோடு கதவு சாத்தப்பட்டது. சிறுத்தையும் மானும் சாலையில் நசுங்கியதன் விளைவு அது. ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள், காட்டில் இருப்பவற்றுக்கு நிம்மதி. சாமராஜநகரிலிருந்து பொழுதோடு கிளம்பாத லாரிகள் சாவடிக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். மெருகு காணாத கல் இருட்டில் வெறும் இருட்டாகத் தெரிகிறது. விளக்கு வெளிச்சம் பட்டால் அதன் பக்கவாட்டில் எழுதிய எண்கள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன.